தடித்த பிக்சல் எழுத்துரு தகராறு செய்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

பழைய வீடியோ கேம் திரையில் வருவதுபோல் கட்டங்கட்டமாகவும் தடிமனாகவும் எழுத்து வேண்டும் என்று கேட்டுக் காரைக்குடியில் எங்கள் டி.டி.பி. கடைக்கு வருபவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். காபிக் கடைப் பலகை, கல்லூரி விழாவின் பனியன், பழைய வீட்டில் நடத்தப்படும் விடுதியின் சாவி அட்டை, மென்பொருள் வேலையில் இருக்கும் மணமக்களின் அழைப்பிதழ் உறை என்று வேலை எதுவாக இருந்தாலும், கோளாறு வரும்போது அது ஏறக்குறைய ஒரே பத்து வடிவங்களில்தான் வருகிறது. கண்ணுக்கு முதலில் தெரியும் அறிகுறியைத் தலைப்பாக வைத்து, அதற்கான காரணத்தையும் திருத்தத்தையும் கீழே எழுதியிருக்கிறேன்.

இந்த எழுத்துருக்களில் ஒவ்வோர் எழுத்தும் சதுரக் கட்டங்களை எண்ணி அமைக்கப்படுவது. ஒரு கட்டம் முழுதாக நிரம்பியிருக்கும், அல்லது முழுதாகக் காலியாக இருக்கும். அரைக் கட்டத்துக்கு அங்கே இடமில்லை. 1984இல் மெக்கின்டாஷ் கணினியுடன் வந்த, சூசன் கேர் வடிவமைத்த ‘சிகாகோ’ எழுத்தும், அடுத்த ஆண்டு அதே கணினியில் சுசானா லிச்கோ உருவாக்கிய ‘எம்பரர்’, ‘ஓக்லண்ட்’ முதலியவையும், 1980களின் நாம்கோ விளையாட்டு இயந்திரங்களில் இருந்த எழுத்தை அடியொற்றி 8×8 கட்டத்தில் அமைந்து, இன்று பலரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும் ‘பிரஸ் ஸ்டார்ட் 2பி’யும் இந்தக் கணக்குக்குள் அடங்குபவையே.

ஆகவே எந்த அறிகுறியைக் கண்டாலும், கோப்பை 800 விழுக்காடு பெரிதாக்கி, எழுத்தின் மிகச் சிறிய சதுரம் எத்தனை திரைப்புள்ளி அகலம் இருக்கிறது என்று முதலில் எண்ணிவிட வேண்டும். எல்லாச் சதுரங்களும் ஒரே முழு எண்ணில் இருந்தால், கோளாறு அச்சிலோ, வெட்டுவதிலோ, கோப்பை அனுப்பிய வழியிலோ இருக்கிறது. ஒரு சதுரம் 3 புள்ளி, அதற்குப் பக்கத்தில் இருப்பது 4 புள்ளி என்றால், அல்லது ஓரத்தில் சாம்பல் நிறம் தெரிந்தால், வெளியே யாரையும் குறை சொல்ல வேண்டாம். உங்கள் கோப்பிலேயே அது இருக்கிறது.

அறிகுறி: எழுத்தின் ஓரம் மங்கி, சாம்பல் பூத்தாற்போல் தெரிகிறது

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும். முதலாவது, எழுத்தின் விளிம்பை மென்மையாக்கும் ‘ஆன்டி அலையாஸ்’ வசதி. சாதாரண எழுத்துக்கு அது நன்மை செய்யும். பிக்சல் எழுத்துக்கோ அது வேண்டாத மெருகு. ஃபோட்டோஷாப்பில் எழுத்துக் கருவியின் மேற்பட்டையில் ஷார்ப், கிரிஸ்ப், ஸ்ட்ராங், ஸ்மூத் என்று இருக்கும் பட்டியலில் ‘நன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் அது நின்றுவிடும்.

இரண்டாவது காரணமே பலரைத் திணற வைக்கிறது. எழுத்துருவின் கட்டம் 8 வரிசை என்றால், எழுத்தின் அளவு 8, 16, 24, 32 என்று 8இன் மடங்கிலேயே இருக்க வேண்டும். ஆனால் நாம் அளவைப் பாயின்ட்டில் கொடுக்கிறோம்; கணினி அதைப் புள்ளியாக மாற்றிக்கொள்கிறது. அச்சுக்காக அங்குலத்துக்கு 300 புள்ளி என்று திறந்த கோப்பில் 12 பாயின்ட் கொடுத்தால் அது 50 புள்ளியாகும். 50 என்பது 8ஆல் வகுபடாது. அதே கோப்பில் 11.52 பாயின்ட் கொடுத்தால் சரியாக 48 புள்ளி கிடைத்து, ஒவ்வொரு கட்டமும் 6 புள்ளியாக நிற்கும். அழகான முழு எண்ணைப் பாயின்ட் பெட்டியில் எழுதும் பழக்கத்தைக் கைவிடுவதற்கு எனக்கே சில மாதங்கள் ஆயின. கணக்கு வேண்டாம் என்பவர்கள், ஃபோட்டோஷாப்பின் அமைப்புகளில் எழுத்தின் அலகைப் பிக்சல் என்று மாற்றிவிட்டால் போதும்.

இணையப் பக்கத்தில் நிலைமை சற்று வேறு. பிரவுசர் விளிம்பை மென்மையாக்குவதை எல்லாக் கணினிகளிலும் நம்மால் நிறுத்த முடியாது என்பதால், அளவை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. மேலும், விண்டோஸ் மடிக்கணினிகள் பலவற்றில் திரையின் அளவு 125 விழுக்காடு என்று அமைந்திருப்பதால், நீங்கள் கொடுத்த 16 புள்ளி அங்கே 20 ஆகி, ஒரு கட்டத்துக்கு இரண்டரைப் புள்ளி என்ற முறையற்ற கணக்கில் போய் நிற்கும். 32 கொடுத்தால் அது 40 ஆகும். கட்டத்துக்கு 5 புள்ளி, முழு எண். தலைப்புக்கு 32 என்று வைப்பதற்கு இதுவே காரணம்.

அறிகுறி: தடித்த எழுத்து மேலும் தடித்து, உள்ளே இருக்கும் வெளி அடைத்துக்கொள்கிறது

‘பி’ பொத்தானை அழுத்தியிருப்பீர்கள். இந்த எழுத்துருக்கள் பலவற்றுக்கு ஒரே ஒரு தடிமன்தான் உண்டு. அது ஏற்கெனவே தடித்தது. பொத்தானை அழுத்தியதும் மென்பொருள் தானாக ஓரத்தைக் கொஞ்சம் ஊதிப் போலியான தடிமன் ஒன்றை உண்டாக்குகிறது. ஊதும் அளவு கட்டத்தின் மடங்காக இருப்பதில்லை. இணையத்தில் நீங்கள் பொத்தானையே தொடாதபோதும் இது நேரலாம். பிரவுசர்கள் தலைப்புக் குறிச்சொற்களை இயல்பாகவே தடிமனாக்குபவை என்பதால், அந்தத் தலைப்புக்கு எழுத்தின் எடையைச் சாதாரணம் என்று ஸ்டைல் கோப்பில் வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டும்.

அறிகுறி: ஆங்கிலம் கட்டம் கட்டமாக வருகிறது, தமிழ் மட்டும் வழவழப்பாக வேறு எழுத்தில் வருகிறது

எழுத்துருவில் தமிழ் இல்லை என்பதே பொருள். பிரஸ் ஸ்டார்ட் 2பியில் லத்தீன், கிரேக்கம், சிரிலிக் எழுத்துகள் இருக்கின்றன, தமிழ் கிடையாது. ஆகவே கணினி தன்னிடம் உள்ள நிர்மலா, லதா போன்ற ஒன்றை எடுத்து அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. குனு யூனிஃபான்ட் என்னும் இலவச எழுத்துருவில் தமிழ் உண்டு என்று சிலர் அதை இறக்கி வருகிறார்கள். அதில் ஒரு குறியேற்ற எண்ணுக்கு ஒரு வடிவம் மட்டுமே இருப்பதால், உயிர்மெய் சேரும் இந்திய எழுத்துகள் அதில் நன்றாக அமையா என்று அதை உருவாக்கியவர்களே, தமிழையும் பெயர் சொல்லி, எழுதிவைத்திருக்கிறார்கள். அதன் கோடும் ஒரு புள்ளி மெலிவு; தடித்த எழுத்துக்கு அது மாற்றாகாது. நான்கைந்து சொற்களே தேவைப்படும் பலகை வேலைக்குக் கட்டத் தாளில் கையால் நிரப்பிக்கொள்வது நல்லது. அதன் கணக்கைப் பின்னால் சொல்கிறேன்.

இதன் உடன்பிறப்பான இன்னொரு கோளாறு பழைய அச்சகக் கோப்புகளோடு வரும். பாமினி என்னும் பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்த வரியின்மேல் பிக்சல் எழுத்துருவைப் போட்டால், ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கட்டம் கட்டமாக விழும். எழுத்துரு தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. உள்ளே இருக்கும் குறியேற்றம் தமிழுக்குரியது அன்று. யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத் தொடருங்கள்.

அறிகுறி: கொம்பு இடம் மாறி நிற்கிறது, ‘கோ’ மூன்று துண்டாகச் சிதறுகிறது

யூனிகோடில் மெய் முதலிலும் உயிர்க்குறி பின்னாலும் சேமிக்கப்படுகின்றன. கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளும் எழுத்துருவின் ஓப்பன்டைப் விதிகளும் சேர்ந்து செய்யும் வேலை. ஃபோட்டோஷாப்பில் எழுத்து அமைப்புகளுக்குள் தெற்காசிய எழுத்துகளுக்கான வசதியை, புதிய பதிப்புகளில் ‘வேர்ல்ட் ரெடி’ என்று இருப்பதை, இயக்கிவிட்டுக் கோப்பை மூடித் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதன் பிறகும் சிதறினால் எழுத்துருவிலேயே விதி இல்லை. பொழுதுபோக்காகச் செய்து வெளியிடப்படும் பிக்சல் எழுத்துருக்களில் இது அடிக்கடி நேர்கிறது.

அறிகுறி: எல்லாம் கூர்மையாக இருக்கிறது, ஆனால் படிக்க முடியவில்லை

இதுதான் பெரிய நோய். ஆங்கிலப் பேரெழுத்து எட்டு வரிசைக்குள் தடிமனாகவே அடங்கிவிடுவதைப் பார்த்துவிட்டு, தமிழையும் அதே எட்டு வரிசையில் திணிக்க முயல்வதால் வருவது. தமிழுக்கு மேலே புள்ளியும் இகர ஈகார விசிறியும் வேண்டும். கீழே உகர ஊகாரக் கால்கள் வேண்டும். நடுவில் சுழிகள் வேண்டும். கோடு இரண்டு கட்டத் தடிமன் என்று வைத்துக்கொண்டால், எழுத்தின் உடலுக்குப் பத்து முதல் பன்னிரண்டு வரிசை, உடலுக்கும் புள்ளிக்கும் நடுவில் கட்டாயம் ஒரு காலி வரிசை, புள்ளிக்கு இரண்டு வரிசை, கீழே கால்களுக்கு நான்கு அல்லது ஐந்து வரிசை என்று எண்ணி வந்தால் இருபதை எட்டிவிடும். வரிகளுக்கு இடையே மூச்சுவிட இடமும் சேர்த்து, நான் 24 வரிசைக்குக் குறைந்து தடித்த தமிழ் பிக்சல் எழுத்தை ஏற்பதில்லை.

எந்தத் தமிழ் பிக்சல் எழுத்துரு கைக்கு வந்தாலும் நான் அதில் முதலில் அடித்துப் பார்க்கும் சொற்கள் இரண்டு. இரண்டும் நம் ஊர்ப் பெயர்களே: கண்டனூர், தேவகோட்டை.

கண்டனூரில் மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. என் வரைவில் ணகரத்தின் நடு வரிசையில் ஐந்து நெடுக்குக் கோடுகளும் னகரத்தில் நான்கும் வருகின்றன. கோட்டுக்கு இரண்டு கட்டம், இடைவெளிக்கு ஒரு கட்டம் என்றால் ணகரம் 14 கட்டமும் னகரம் 11 கட்டமும் அகலம் கேட்கும். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்ற பழைய விளையாட்டு இயந்திரத்தின் வழக்கத்தை இங்கே பின்பற்றினால், ணகரத்தின் ஒரு சுழியை விழுங்க நேரும். பிறகு கண்ணும் கன்னும் ஒன்றாகிவிடும். அகலத்தை எழுத்துக்கு எழுத்து மாறவிடுங்கள். அதே சொல்லில் ‘னூ’ கீழே இறங்கி வளையும் இடம் உங்கள் அடி வரிசைகள் போதுமா என்பதைச் சொல்லிவிடும்.

தேவகோட்டையில் பார்க்க வேண்டியது ஏகாரக் கொம்பின் மேற்சுழி. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைச் சுழிக் கொம்புக்கும் உள்ள வேறுபாடு, மேலே ஒரே ஒரு காலிக் கட்டத்தில் நிற்கிறது. அந்தக் கட்டம் அடைபட்டால் ‘தே’ ‘தெ’ ஆகிறது. ஓலையில் எழுதியவர்கள் ஓலை கிழியும் என்று, குறில் எகரத்தைக் காட்ட வேண்டிய புள்ளியை விட்டுவிட்டு எழுதினார்கள். எகர ஏகார வேறுபாட்டை வரிவடிவில் இன்று நாம் காணும்படி ஆக்கிய பெருமை வீரமாமுனிவருக்குத் தரப்படுகிறது. அவர் கொடுத்ததை ஒரு கட்டத் தாராளம் இல்லாமல் நாம் திருப்பிப் பிடுங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

மூன்றாவது சோதனைச் சொல்லை நான் அவமானப்பட்டுக் கற்றேன். கடைப் பலகை ஒன்றில் ‘காரைக்குடி’ என்பதைப் பதினான்கு வரிசையில் நிரப்பி, இடம் போதாமல் ரகரத்தின் கீழே சாய்வாக இறங்கும் காலை வெட்டிவிட்டேன். ரகரம் துணைக்காலாகிவிட்டது; பலகையில் துணைக்கால், கொம்பு, மறுபடியும் துணைக்கால் என்று நின்றதைக் கடைக்காரரின் ஆத்தா வாசலில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்து, “இது என்ன ஊர் தம்பி?” என்று கேட்டார்கள். ர், ரி, ரீ ஆகிய மூன்றையும் கீழ்க்கால் இல்லாமல் எழுதும் பழைய அச்சு வழக்கம் உண்டு. அங்கே மேலே இருக்கும் புள்ளியோ விசிறியோ வாசகரைக் காப்பாற்றிவிடும். தனி ரகரத்திலும் ரைகாரத்திலும் காப்பாற்ற எதுவும் இல்லை. ஃபிளெக்ஸை என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

வரிசையைக் கூட்ட இடமே இல்லாத வேலை என்றால், தடிமனை விட்டுக்கொடுத்துக் கோட்டை ஒரு கட்டமாக்குங்கள். பத்தி முழுவதையும் இந்த எழுத்தில் அமைத்துத் தரச் சொல்லிக் கேட்பவர்களுக்கும் என் பதில் ஏறத்தாழ இதுவே: தலைப்பு மட்டும் கட்ட எழுத்தில் இருக்கட்டும், முகூர்த்த நேரமும் மண்டபத்தின் முகவரியும் சாதாரண எழுத்தில் இருக்கட்டும்.

அறிகுறி: என் கணினியில் நன்றாக இருந்தது, வாட்ஸப்பில் போனதும் அழுக்குப் படிந்தாற்போல் ஆகிவிட்டது

படமாக அனுப்பினால் வாட்ஸப் அதை ஜே.பி.ஜி.யாகச் சுருக்கும், கூர்மையான விளிம்பைச் சுற்றித் தூசு போன்ற கறை வருவது அந்தச் சுருக்கத்தின் இயல்பு. பி.என்.ஜி. கோப்பாகச் சேமித்து, ‘டாக்குமென்ட்’ வழியாக அனுப்புங்கள். பெரிதாக்க வேண்டியிருந்தால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு மடங்கில், ‘நியரஸ்ட் நெய்பர்’ முறையில் மட்டும் பெரிதாக்க வேண்டும். ஜிம்ப் மென்பொருளில் இடைச்செருகலை ‘நன்’ என்று வைப்பது அதற்குச் சமம்.

அறிகுறி: பி.டி.எஃப்.பில் கட்டங்களுக்கு இடையே மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன

எழுத்தைத் தனித்தனிச் சதுரங்களாக அடுக்கியிருப்பீர்கள். ஒட்டிய இரண்டு சதுரங்களின் விளிம்பும் தனித்தனியே மென்மையாக்கப்படும்போது நடுவில் பின்னணி கசிந்து தெரிகிறது. திரையில் மட்டும் தெரிந்து, பெரிதாக்கியும் தடிக்காத கோடு என்றால் அச்சில் வராமல் போகலாம். ஆனால் அந்த நம்பிக்கையில் அச்சுத் தட்டுக்கு அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. கோரல் டிராவில் எல்லாச் சதுரங்களையும் தேர்ந்தெடுத்து ‘வெல்ட்’ கொடுங்கள், இல்லஸ்ட்ரேட்டரில் ‘யுனைட்’. எழுத்துருவாக அடித்த வரி என்றால் முதலில் கர்வாக, அதாவது கோட்டு வடிவமாக, மாற்றிவிட்டு இதைச் செய்ய வேண்டும். வெல்ட் செய்த பிறகும் கோடு இருந்தால், இரண்டு சதுரங்களுக்கு நடுவில் உண்மையிலேயே இடைவெளி இருக்கிறது. கட்டத்தோடு ஒட்டும் ‘ஸ்னாப்’ வசதியை இயக்கி மறுபடி அடுக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

அறிகுறி: வெட்டும்போது எழுத்து உடைகிறது; ஆத்தங்குடித் தரைக்கல்லில் நிறம் ஒன்றோடொன்று கலக்கிறது

இரண்டு கட்டங்கள் விளிம்பால் தொடாமல் மூலையால் மட்டும் தொட்டுக்கொண்டிருப்பது இதற்குக் காரணம். திரையில் மூலைத் தொடுகை ஒரு சாய்வுக் கோடாகத் தெரியும். தகட்டிலோ ஸ்டிக்கரிலோ வெட்டினால் அந்த மூலையில் பிடிமானம் கிடையாது, கழன்றுவிடும். தடித்த எழுத்துக்கு இங்கே இயல்பான நன்மை ஒன்று உண்டு: கோடு இரண்டு கட்டம் அகலமாக இருந்து, படிக்குப் படி ஒரு கட்டம் மட்டும் நகர்ந்தால், எந்த இடத்திலும் குறைந்தது ஒரு கட்ட விளிம்பு ஒட்டிக்கொண்டே இருக்கும். மூலைத் தொடுகை கண்ணில் பட்டால் பக்கத்தில் ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள்.

ஆத்தங்குடிக் கல்லில் இது இன்னும் கடுமையானது. கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் நிறம் கலந்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டுப் பின்பக்கம் சிமென்டும் மணலும் நிரப்பி, பிறகு நீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். அறையின் சுவர்கள் வளைத்துப் பற்றவைத்த தகடுகள். மூலையோடு மூலை முட்டும் இடத்தில் நான்கு சுவர்கள் ஒரே புள்ளியில் கூடுவதால், அச்சைத் தூக்கும்போது நிறங்கள் அங்கே ஒன்றுக்குள் ஒன்று வழிந்துவிடுகின்றன. மூலைத் தொடுகை இல்லாத வரைபடத்தை மட்டும் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

ஒரு கல்லை ஒரு கட்டமாக வைத்து முற்றத்தில் பெயர் பதிக்க ஆசைப்படுபவர்கள் முதலில் பெருக்கிப் பார்ப்பது நல்லது. 8 அங்குலக் கல், 24 வரிசை எழுத்து என்றால் உயரம் 192 அங்குலம், அதாவது பதினாறு அடி. வளவின் பாதியை ஒரே எழுத்து அடைத்துக்கொள்ளும். மாறாக, ஒரு கல்லையே 8×8 ஆகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் அங்குலம் என்று அச்சுச் செய்தால், மூன்று கல் உயரத்தில் இரண்டடிக்குள் எழுத்து முடிந்துவிடும். படியேறி வருபவரின் கண்ணுக்கு அது அடங்கியும் இருக்கும்.

அறிகுறி: நெய்ததில் அல்லது பின்னியதில் எழுத்து நீண்டோ குட்டையாகவோ போகிறது

அங்கே கட்டம் சதுரமாக இல்லை. ஓர் அங்குலத்தில் ஓடும் பாவு இழைகளும் ஊடை இழைகளும் எண்ணிக்கையில் வேறுபடுவதால் கட்டம் செவ்வகமாகிறது. வயர்க் கூடையிலும் முடிச்சின் அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதில்லை. பழைய கணினித் திரைகளிலும் இதே சங்கதி இருந்தது: 320×200 புள்ளிகளை 4:3 திரையில் நிரப்பியதால் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரமாக நின்றது. முதலில் பத்துக்குப் பத்துக் கட்டம் ஒன்றை நெய்தோ பின்னியோ வாங்கி, அளவுகோலால் இரு பக்கமும் அளந்து, அந்த விகிதத்தின்படி வரிசைகளைக் கூட்டியோ குறைத்தோ வரையுங்கள். வரைந்து முடித்த எழுத்தை மென்பொருளில் இழுத்து நீட்டிச் சரிசெய்ய முயன்றால், மேலே சொன்ன முதல் அறிகுறிக்கே திரும்பி வருவீர்கள்.

அறிகுறி: எல்.இ.டி. ஓடும் பலகையில் எழுத்தின் மேற்புறமோ அடிப்புறமோ வெட்டுப்படுகிறது

கடைவாசல்களில் பெரும்பாலும் மாட்டப்படும் பி10 பலகையின் ஒரு தகடு 32 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். புள்ளிக்குப் புள்ளி 10 மில்லிமீட்டர். பதினாறு வரிசையில் தடித்த தமிழ் அடங்காது என்பது மேலே போட்ட கணக்கிலிருந்தே தெரியும். தகடுகளை இரண்டு அடுக்காக மாட்டினால் 32 வரிசை கிடைக்கும். 24 வரிசை எழுத்து மேலும் கீழும் நான்கு வரிசை இடம் விட்டு வசதியாக உட்காரும். ஒற்றை அடுக்குதான் என்று பிடிவாதமாக இருந்தால் ஒரு கட்டக் கோட்டுக்கு இறங்கிவிடுங்கள்.

ஓரம் கடித்துக் குதறினாற்போல் எரிந்தால், பலகையோடு வரும் மென்பொருள் உங்கள் எழுத்தைச் சாம்பல் ஓரத்தோடு வரைந்துவிட்டு, பிறகு அந்தச் சாம்பலை எரியும், எரியாது என்று இரண்டாகப் பிரித்திருக்கிறது. வரியை எழுத்தாகக் கொடுக்காமல், கறுப்பு வெள்ளை மட்டும் உள்ள பி.எம்.பி. படமாக, சரியாக 32 வரிசை உயரத்தில் நீங்களே செய்து ஏற்றுங்கள். ஏற்றும் பெட்டியில் ‘ஃபிட்’ அல்லது ‘ஸ்ட்ரெச்’ என்று ஏதேனும் டிக் செய்யப்பட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு, பலகையை இரவில் ஒரு முறை தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். விளக்கின் ஒளி பரவி ஒரு கட்டக் காலியிடங்கள் அடைபடுவது பகலில் தெரியாது. அப்படி அடைபட்டால் ஒளியின் அளவைக் குறைத்தாலே ணகரத்தின் சுழிகள் மறுபடி திறந்துகொள்ளும்.